குருவிக்குப் புருவம் தீட்டியவர்

லூர்துசாமியின் வலது கை ஆள்காட்டி விரல் பேருந்தின் முன்சீட்டுக் கம்பிமேல் சின்னச் சின்ன வட்டமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. எதிரே நின்று டிக்கெட் கிழிக்கும் நடத்துநரின் மூக்கோரத்தில் ஒரு மரு. அதைத்தான் அழித்துக்கொண்டிருக்கிறார். மரு போய்விட்டது என்று மனசுக்குப் பட்டதும் விரல் நிற்கும். மீதிச் சில்லறையை வாங்கிக்கொள்வார். நடத்துநருக்கு எதுவும் தெரியாது. மரு இருந்த இடத்திலேயே சவுக்கியமாக இருக்கும்.

இந்த விரலுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது பாட்டுப் புத்தக அட்டைமேல் சுற்றும். சாமியாரின் வழுக்கையில் விழுகிற டியூப்லைட் பளபளப்பு அதற்குப் பொறுக்காது. கல்யாணப் பந்தியில் எதிர் வரிசைக்காரர் சட்டையில் சிந்திய சாம்பாரை இலையோரத்தில் தேய்த்தே எடுத்துவிடுவார். ஒருமுறை துக்க வீட்டில், கிடத்தியிருந்தவரின் கால்மாட்டில் நின்றுகொண்டு, மூக்கில் வைத்த பஞ்சை அழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி மங்கலம் அந்த விரலைப் பிடித்து அமுக்கினாள்.

"அவுரு மூக்குல இருக்கறது இருந்துட்டுப் போவுது. கைய மடக்குங்க" என்றாள்.

கடலூர் முதுநகரில் வலைக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே 'லூர்து ஸ்டுடியோ' இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக மணப்பெண்கள். எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே மூக்கு, ஒரே புருவம். அக்காள் தங்கைகளோ என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. லூர்துசாமிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலையும் மீசையும் ஒரே கறுப்பு; சாயம் காதோரத் தோலிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆதார் அட்டையில் இருக்கும் தன் படம் மட்டும் அவர் கைக்கு எட்டாமல் போய்விட்டது. அதை எங்கே நீட்டினாலும் படத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் நீட்டுவார்.

"கடவுள் ஒரு நாளைக்கி எத்தினி மூஞ்சி செய்றாரு சொல்லுங்க. அவசரத்துல அங்கங்க வுட்டுருப்பாரு. நாம பாத்து முடிச்சிக் குடுக்கறோம், அவ்ளோதான்" என்பார். இதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருக்காது. கடவுளுக்கு ஒத்தாசை செய்கிறவரின் பணிவுதான் இருக்கும்.

கறுப்பு என்கிற நிறம் அவருடைய கம்ப்யூட்டருக்குள் போய்க் கறுப்பாகவே திரும்பியதாகத் தகவல் இல்லை. திருவதிகைப் பக்கம் பெண் பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண் காபித் தட்டோடு வந்து நின்ற பிறகும், "பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்களாம். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்கு விசா வாங்க இவரிடம் படம் எடுத்துக்கொண்டார். கன்னத்தில் பட்டாணி அளவு மச்சம். படத்தில் அது போன இடம் தெரியவில்லை. இறங்கிய ஊரில் அதிகாரிகள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த லீவில் வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"அண்ணே, அல்லா குடுத்த மச்சம்ணே. உங்கள அது என்னாண்ணே பண்ணுச்சு?"

லூர்துசாமி மெய்யாகவே வருத்தப்பட்டார். வருத்தப்படும்போதும் விரல் மேசைமேல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அந்த மச்சத்தைப் பார்த்தபடி.

வீட்டுக் கூடத்தில் அவருடைய கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மங்கலம் சிறு வயதில் கரையேற்றிய படகின் விளிம்பில் மோதி இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டவள். அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. புருவம் இரண்டு துண்டாகத்தான் இருக்கும். வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு லூர்துசாமி அந்தப் பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறம் கூட்டி, இடைவெளியை நிரப்பி, புருவத்தை ஒரே வளைவாக முடித்துப் பெரிய சட்டத்தில் போட்டுக்கொண்டு வந்து நிறுத்தினார். மங்கலம் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு. யாரு இவ?"

"நீதான்."

"நான் இல்லியே. பேசாம நீங்க இவளயே கட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். அன்றையிலிருந்து கூடத்தில் இருக்கிற எல்லாப் படத்தையும் துடைப்பாள். அந்த ஒன்றை மட்டும் துடைக்க மாட்டாள். அதில் தூசி படியும்போது லூர்துசாமியே ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்துக்கொள்வார்.

பறவை பார்க்கிற பழக்கம் அவருக்குச் சர்க்கரை வியாதியால் வந்தது. காலையில் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். வெறுங்கையோடு நடக்க அவருக்குத் தெரியாது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கெடிலம் கரையில் நடந்தார். கழுத்தில் கேமரா இருக்கும்போது எதையாவது எடுக்காமல் எப்படி? மீன்கொத்தியை எடுத்தார், நீர்க்காகத்தை எடுத்தார். மங்கலத்தின் சித்தி மகன் கதிரவன் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவன். லீவு நாளில் தொலைநோக்கியும் கையுமாகத் திரிகிற கூட்டம் ஒன்றில் அவனும் ஒருவன். "மாமா, நீயும் வா" என்று இழுத்துப்போய் அதில் சேர்த்துவிட்டான்.

கூட்டத்துக்குத் தலை என்று யாரும் இல்லை. இருந்தாலும் தீபிகா சொன்னால் மறுபேச்சு கிடையாது. சிதம்பரத்தில் ஒரு வங்கியில் அதிகாரி. முப்பத்தைந்து வயசு இருக்கும். பறவைக் கணக்கு இணையதளத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருகிற அபூர்வமான பதிவுகளைச் சரிபார்த்து ஏற்பதும் திருப்புவதும் அவள் பொறுப்பு. சம்பளம் இல்லாத வேலை. அதனாலேயே கறாராகச் செய்வாள்.

லூர்துசாமி முதலில் அனுப்பியது பிச்சாவரத்துப் பக்கம் எடுத்த பூநாரைகள். ரோஸ் மில்க் நிறத்தில் அனுப்பி வைத்தார். திரும்பி வந்தது. அடுத்து, மண் நிறத்தில் குந்தியிருந்த மடையான் ஒன்றை நன்றாக வெளுத்து அனுப்பினார். அது எந்த வகைக் கொக்கு என்று கூட்டம் ஒரு வாரம் வாட்சப்பில் மண்டையை உடைத்துக்கொண்டது. விஷயம் தெரிந்ததும் கதிரவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்க மாமா எடுத்தா காக்காவும் புறாதான்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். உள்ளே மட்டும் ஒரு ஆசை கிடந்து அரித்தது. அவர் எடுத்த படத்தைப் பார்த்து "அழகாருக்கு" என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. "நெசம்" என்று சொல்ல ஒருத்தர் இல்லை. ஒரே ஒரு தடவை, 'ஆமா, இவரு பாத்தது நெசம்தான்' என்று நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போயிற்று. கரியாலூரைத் தாண்டி ஓடையை ஒட்டி ஒரு சோலை. கட்டிக்கொண்டு வந்த இட்லியை எல்லாரும் பிரிக்கும் நேரத்தில் தீபிகா சட்டென்று கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. அந்தச் சத்தம் கேக்குதா? இது நம்ம வழக்கமான எலைக்குருவி இல்ல."

மேலே எங்கேயோ மெல்லிசாக, கீழிருந்து மேலே இழுத்தாற்போல ஒரு விசில். இட்லியும் கையுமாக எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இலைதான் தெரிந்தது. லூர்துசாமி அந்த நேரம் அங்கே இல்லை. சர்க்கரைக்காரருக்கு அடிக்கடி வருகிற வேலையாக ஒரு புதருக்குப் பின்னால் போயிருந்தார். குருவி அங்கேதான் வந்தது. அவர் மூக்குக்கு நேராக ஒரு குச்சியில் வந்து உட்கார்ந்து, ஒரு புழுவைப் பிடித்து, ஆற அமர விழுங்கிற்று.

கழுத்தில் கேமரா இருந்தது. ஒரு கைதான் சும்மா இருந்தது. அந்த நிலைமையிலும் பழக்கம் விடவில்லை. "அப்படியே இரு… தாடைய லேசா எறக்கு… போதும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டித் தள்ளினார். மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அது உச்சிக்குப் போய் இலையோடு இலையாகிவிட்டது.

கேமராவின் குட்டித் திரையில் வெயில் விழுந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. தீபிகா துப்பட்டாவைத் தலைக்குமேல் போட்டு நிழல் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவள் குரல் மாறிற்று.

"அண்ணா, எறக்கையில ரெண்டு வெள்ளக் கோடு மாதிரி தெரியுது. நம்ம பக்கம் எப்பவும் வர்ற குருவிக்கு மங்கலா ஒரே கோடுதான். இதுல கீழ ஒண்ணு பெருசா, மேல ஒண்ணு சின்னதா. கண்ணுக்கு மேல மஞ்சளா புருவம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நல்லாப் பாத்தேன்."

"அப்ப இது மஞ்சள் புருவக் கதிர்க்குருவிண்ணா! சைபீரியாவுலேருந்து வர்றது. தெக்க நம்ம மலைக்கெல்லாம் வர்றது ரொம்ப அபூர்வம். வீட்டுக்குப் போயிப் படத்த அப்படியே அனுப்புங்க. எதையும் தொடாதீங்க. சரியா? அப்படியே."

"சரிம்மா. அப்படியே."

திரும்பும் வழியெல்லாம் வேனில் அவருக்குத்தான் ஜன்னலோரச் சீட்டு. பண்ருட்டியில் டீ குடிக்க இறங்கியபோது கதிரவன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "மாமா கேமராவுக்கு அடிச்சுது பாரு யோகம்" என்று டீக்கடைக்காரரிடமெல்லாம் சொன்னான். அந்தப் பூரிப்பில் லூர்துசாமி சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டார்.

மறுநாள் காலை நெல்லிக்குப்பத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. கிளம்புமுன் அனுப்பிவிடலாம் என்று படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றியதும் திக்கென்றது. அவர் மனசில் பார்த்த குருவி வேறு. திரையில் இருந்தது அழுக்குப் பச்சையில், கழுத்தெல்லாம் சிலும்பிக்கொண்டு, தூங்கி எழுந்து அப்படியே வந்ததுபோல இருந்தது. இதை எப்படி ஒரு இடத்துக்கு அனுப்புவது? குளிப்பாட்டாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்களா?

தொடாதீர்கள் என்று தீபிகா சொன்னது நினைவில் இருக்கத்தான் செய்தது. ஆனால் தொடுவது என்றால் அவருடைய அகராதியில் வேறு. கழுத்தில் இல்லாத நகையைப் போடுவது தொடுவது. பின்னால் தாஜ்மகாலைக் கொண்டுவந்து நிறுத்துவது தொடுவது. இது வெறுமனே முகம் துடைத்துவிடுகிற வேலை. அப்படித்தான் ஆரம்பித்தார். பச்சையைக் கிளிப்பச்சை ஆக்கினார். சிலும்பலை நீவினார். இறக்கையின் மேல்பக்கம் சின்னதாக ஒரு வெள்ளைக் கீறல், பழைய தழும்புபோல. பாவம், எங்கே அடிபட்டதோ என்று அதையும் எடுத்துவிட்டார். புருவம் ஓரத்தில் கலைந்திருந்தது. புருவம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அவர் சும்மா விட்டதாகச் சரித்திரம் இல்லை. அழகாக வளைத்து, வால்பக்கம் கூர் எடுத்து முடித்தார்.

டச்சப் செய்யாத படம் எதுவும் ஸ்டுடியோவில் தங்கக்கூடாது என்பது லூர்துசாமியின் தொழில் விதி. ஒரு பெண் தன் அசல் படங்களைப் பார்த்துவிட்டு ஸ்டுடியோ வாசலிலேயே உட்கார்ந்து அழுத நாளில் எடுத்த முடிவு அது. அதன்படி, முடித்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்தார். மிச்சப் படங்களை நீக்கினார். கார்டைச் சுத்தமாக ஃபார்மேட் செய்து கேமராவில் போட்டுக்கொண்டு நெல்லிக்குப்பம் போனார். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டு அத்தைமார்களை எடுத்துத் தள்ளினார்.

இணையத்தில் அனுப்பினால் ஒரு மரியாதை இல்லை என்று தோன்றியது. ஆல்பம் கொடுக்கிற கணக்காகப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, தங்க நிறத்தில் பார்டர் கட்டி, மூலையில் 'லூர்து ஸ்டுடியோ' என்று பொறித்து, பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் தீபிகா கீழவீதியில் ஒரு டீக்கடைக்கு வந்தாள். பேப்பரைப் பிரித்தாள். பிரித்த வேகத்துக்குப் பார்த்த வேகம் இல்லை.

"அண்ணா, மேல ஒரு சின்னக் கோடு இருந்துச்சே?"

"எந்தக் கோடும்மா?"

"எறக்கையில. ரெண்டாவது கோடு."

"அதுவா… அது தழும்புன்னு நெனச்சேம்மா. எடுத்துட்டேன்."

டீ மாஸ்டர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். தீபிகா அதைத் தொடவில்லை.

"புருவம்?"

லூர்துசாமி, அவள் வருமுன்பே வாங்கி வைத்த தன் டீயை ஊதினார். ஆறிப்போயிருந்த டீயை ஊதினார்.

"அண்ணா, புருவம்?"

"லேசா… தீட்டிவுட்டேம்மா."

"குருவிக்கு?"

"ஓரத்துல கொஞ்சம் கலஞ்சாப்ல இருந்துச்சு."

ஒரிஜினல் எங்கே என்று கேட்டாள். மேலேயே சேமித்துவிட்டதைச் சொன்னார். கார்டு எங்கே என்று கேட்டாள். அத்தைமார்களைப் பற்றிச் சொன்னார். தீபிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று லூர்துசாமிக்கு இருந்தது.

"நான் உங்கள நம்புறேன்ணா. சத்தத்த நானே காதால கேட்டேன். ஆனா நான் நம்பறது பத்தாது. நாளைக்கி யாரு பாத்தாலும் நம்பணும். புருவத்த வெச்சுத்தான் இந்தக் குருவிக்குப் பேரே. அந்தப் புருவத்த நீங்க வரஞ்சிருக்கீங்க. கோட வெச்சுத்தான் அடையாளம். அந்தக் கோட அழிச்சிருக்கீங்க. இத நான் எப்படிண்ணா ஏத்துக்கறது?"

சுற்றின பேப்பரையே மறுபடி சுற்றிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்தார். நடத்துநர் மாறவில்லை, அதே மருக்காரர்தான். விரல் சுற்றவில்லை.

அன்று ராத்திரி வாட்சப்பில் கதிரவன், "மாமா, புருவம் சரி, குருவிக்குப் பொட்டு வெக்க மறந்துட்டியே" என்று போட்டான். கூட்டமே சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டிற்று. லூர்துசாமியும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். போட்டுவிட்டு வட்டலில் இருந்த சோற்றை அப்படியே தள்ளிவைத்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, கார்டில் அழிந்த படங்களை மீட்டுத் தருகிறவர் ஒருவரிடமும் போய்ப் பார்த்தாயிற்று. திரும்பி வந்தவர்கள் எல்லாரும் அத்தைமார்கள்.

"ஒரு குருவிக்கா இப்படி முகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள் மங்கலம்.

"குருவிக்கு இல்ல மங்கலம். என் கண்ணால பாத்தேன். பாத்தேன்னு சொன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அவுங்க மேலயும் தப்பு இல்ல. நான் எடுத்த படத்த நம்பி எவன் கையெழுத்துப் போடுவான்?"

மங்கலம் கூடத்துப் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு வட்டலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தீபிகாவிடமிருந்து ஒரு போன் வந்தது. இந்த ஜாதிக் குருவி குளிர் முடியும்வரை ஒரே இடத்தில் தங்கினாலும் தங்கும். வெயில் ஏறினால் கிளம்பிவிடும். முடிந்தால் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள் என்றாள். "போனா சத்தத்தையும் செல்லுல பதிவு பண்ணிக்கினு வாங்கண்ணா. பின்னாடி புல்லாங்குழல் மட்டும் சேத்துடாதீங்க" என்றும் சொன்னாள். கல்யாண வீடியோவில் அவர் சேர்க்கிற புல்லாங்குழல் அந்தப் பக்கமெல்லாம் பிரசித்தம்.

அடுத்த ஞாயிறே கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து மலைப் பஸ் பிடித்துப் போனார். மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி போனார். விசில் கேட்டது, குருவியைக் காணோம். இப்படியே மாசி பிறந்துவிட்டது. கீழே கடலூரில் பகலில் ஃபேன் போட வேண்டியதாயிற்று. குருவி கிளம்புமுன் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நல்ல ஞாயிறு. அன்றைக்குத் திருவதிகைக் கோயிலில் ஒரு கல்யாண ஆர்டர் இருந்தது. லூர்துசாமி அதைப் பண்ருட்டியில் இருக்கிற போட்டிக் கடைக்காரருக்குத் தள்ளிவிட்டார். போட்டிக்காரர் நம்பாமல் இரண்டு தடவை போன் செய்து, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"முகூர்த்த நாள்ல கல்யாணத்த வுட்டுட்டு குருவி பாக்கப் போறாராம் மனுசன்" என்று மங்கலம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இட்லியில் பொடி தடவி எண்ணெய் விட்டு இலையில் கட்டி வைத்தாள்.

அதே புதர். அதே ஓடை. இந்த முறை கல்லில் உட்கார்ந்து, செல்லைப் பதிவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் ஏறி, கால் மரத்துப்போன நேரத்தில் சின்னக் குருவிகளின் கும்பல் ஒன்று கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு வந்தது. அதற்கு நடுவில் அந்த விசில். லூர்துசாமி எழுந்தார். இலைக்குப் பின்னால் ஒரு வால். படம் எடுத்தார். வால் இருந்த இடத்தில் இலை. மறுபடி எடுத்தார். இலைகூட இல்லை.

"ஏங்க, கொஞ்சம் இப்படிப் பாருங்களேன். ஒரே ஒரு தடவ. தாடைய எறக்க வேணாம், எப்படி வேணா இருங்க. இப்படிப் பாத்தாப் போதும்."

ஆயிரம் மாப்பிள்ளைகளைப் பார்த்த ஆள். யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. குருவி ஒரு நொடி நின்றது. தட்டினார். போய்விட்டது. கும்பலும் ஓடையைத் தாண்டிப் போய்விட்டது. சாயங்காலம்வரை இருந்து பார்த்தார், திரும்பவே இல்லை.

இறங்குகிற பஸ்ஸில் கேமராவைப் பார்த்தார். உருப்படியாக ஒரே படம். அதுவும் என்ன படம்! பாதி நிழல். முகத்துக்குக் குறுக்கே ஒரு சுள்ளி, அலகை மறைத்துக்கொண்டு. கண்ணில் ஒளி இல்லை. பின்னால் வெள்ளை வானம் கண்ணைக் குத்திற்று. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு மோசமான படம் அவர் கையிலிருந்து வந்ததில்லை. ஆனால் இறக்கையில் கீழே பெரிய கோடு இருந்தது. அதற்கு மேலே அந்தச் சின்னக் கோடும் இருந்தது. மஞ்சள் புருவமும் இருந்தது. கட்டை விரலால் திரையை மூடிக்கொண்டார். பிறகு திறந்து பார்த்தார். கள்ளக்குறிச்சி வரும்வரை மூடுவதும் திறப்பதுமாகவே வந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். படம் திரை நிறைய இருந்தது. பக்கத்திலேயே தீபிகாவுக்கு அனுப்புகிற பக்கத்தைத் திறந்து, செல்லில் பதிந்த சத்தத்தை முதலில் ஏற்றியிருந்தார். அதில் குருவியின் விசில் சுத்தமாகக் கேட்டது. கூடவே அவர் கெஞ்சினதும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அதை வெட்டலாமா என்று யோசித்து, வெட்டவில்லை.

படம்தான் பாக்கி. மதியத்திலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சுள்ளியை எடுப்பது அவருக்கு ஒரு நிமிஷ வேலை. மவுஸ்மேல் வலது கை இருந்தது. விரல் ஏற்கெனவே சுற்றத் தொடங்கியிருந்தது. இரண்டு தடவை அம்புக்குறி தானாகவே சுள்ளிமேல் போய் நின்றுவிட்டது. இரண்டு தடவையும் அவர் அலறியடித்துக் கையை எடுத்தார்.

மங்கலம் சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். புடவைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இதுதானா அது?"

"இதுதான்."

"நல்லாவே வுழலியே."

"ஆமா."

இன்னும் கொஞ்சம் குனிந்தாள். சுள்ளியின் நிழல் குருவியின் முகத்தில் விழுந்து புருவத்தை நடுவில் வெட்டியிருந்தது.

"புருவம் நடுவுல வுட்டுப்போயிருக்கு பாருங்க."

"இருக்கட்டும். அது அப்படியே இருக்கட்டும்" என்றார் லூர்துசாமி. அவர் பார்வை திரையிலிருந்து நகர்ந்து மங்கலத்தின் முகத்துக்கு வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வலது கையை மவுஸிலிருந்து பிய்த்து எடுக்கிறாற்போல எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மங்கலம், இந்தக் கையக் கொஞ்சம் புடிச்சிக்க."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். லூர்துசாமி பழக்கமில்லாத இடது கையால் மவுஸைத் தடவித் தடவிக் கொண்டுபோய், படத்தை அப்படியே அனுப்பினார். மங்கலத்தின் உள்ளங்கைக்குள் அந்த விரல் இன்னும் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அது நின்றது.